பதில் ஸலாம்

பேய்க் கதைகளைப் படித்து ஒருத்தி டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கல்லூரியில் மாணவிகள் அவளுக்குப் ‘பேய் டீச்சர்’ என்று பெயர் வைத்து நாளாகிவிட்டது. கூப்பிடுகிறவர்களுக்கும் கூசவில்லை, கேட்கிறவளுக்கும் உறைக்கவில்லை. வீட்டில்தான் பாடு. உம்மாவுக்கு அந்தப் புத்தகங்களின் அட்டைப் படத்தைக் கண்டாலே ஆகாது. ரத்தம் சொட்டுகிற பல், குழி விழுந்த கண், தலைவிரி கோலம் என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. மேசையைத் துடைக்கும்போதெல்லாம் எல்லாவற்றையும் குப்புறக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

“அஞ்சு நேரம் தொழற வீட்ல இதுங்களுக்கு என்ன வேலை?”

“தொழறவங்க இதையெல்லாம் எப்படிப் படிக்கணும்னுதான் உம்மா ஆராய்ச்சியே.”

“படிக்காம இருக்கணும். இதுக்கு எதுக்கு ஒரு ஆராய்ச்சி?”

டீச்சரின் கணவர் ஏசி மெக்கானிக். மாமியாருக்கும் மனைவிக்கும் நடுவே எப்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது அவருக்கு அத்துபடி. இந்த மாதிரி நேரத்தில் ஸ்பேனரைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

ஆனால் டீச்சர் விளையாட்டுக்காக இதில் இறங்கவில்லை. முக்கால்வாசித் திகில் கதைகள் செத்தவன் திரும்பி வருவதை நம்பித்தான் ஓடுகின்றன. மார்க்கத்தின்படி செத்தவர் திரும்புவதில்லை. இந்த உலகத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு திரை விழுந்துவிடுகிறது, மறுமை நாள் வரை அதை விலக்க யாராலும் ஆகாது. அப்படியென்றால் கதையில் கதவைத் தட்டுகிறவன் யார்? இந்த இடம் வந்தால் டீச்சருக்கு நாற்காலியில் உட்காரத் தோன்றாது. ஜின்கள் இருக்கிறார்களே! கண்ணுக்குத் தெரியாமல் நம் நடுவிலேயே வாழ்கிற படைப்பு. அவர்களிலும் நல்லவன், கெட்டவன், குடும்பஸ்தன் எல்லாம் உண்டு. அதிலும் பிறக்கிற ஒவ்வொரு மனிதனோடும் அவர்களில் ஒருவன் கூட்டாளியாக ஒட்டிக்கொள்கிறான். கரீன் என்று அவனுக்குப் பெயர். சாகிற வரைக்கும் கூடவே இருந்து காதில் கெட்டதை ஊதிக்கொண்டிருப்பது அவன் வேலை. இறந்தவரின் குரலில் யாராவது பேசினால் அது இறந்தவர் இல்லை, அவரை அணு அணுவாக அறிந்த இந்தக் கூட்டாளியாகத்தான் இருக்கும் என்பது டீச்சரின் வாதம்.

மனிதன் செத்த பிறகு அந்தக் கூட்டாளி எங்கே போகிறான்? எத்தனையோ நூல்களைப் புரட்டியும் அவளுக்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை. ‘தெரியவில்லை’ என்று நேர்மையாக எழுதி வைத்தாள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். விஷயத்தை விட்டுவிட்டுக் கால்புள்ளிகளைத் துரத்துகிற மனிதர் என்பதால் அவருக்குக் ‘கமா சார்’ என்று பெயர். ‘தெரியவில்லை என்று எழுதுவதற்கு ஆராய்ச்சி எதற்கு?’ என்று ஓரத்தில் கேட்டிருந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இதெல்லாம் தாளில் இருந்தவரைக்கும் சுகமாகத்தான் இருந்தது.

டீச்சருக்கு ஒரே தம்பி. வீட்டில் ‘சின்னவன்’ என்றால் அவன்தான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற வேலை. ஒருநாள் ஓர் உயரமான கட்டடத்தின் உச்சியில், லிஃப்டின் மோட்டார் இருக்கிற சின்ன அறைக்குத் தனியாகப் போனான். கீழே லிஃப்ட் ஓடவில்லை என்று ஆட்கள் சலித்துக்கொண்டு படியேறினார்கள். கடைசியில் யாரோ மேலே போய்ப் பார்த்தபோது அவன் மோட்டாருக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தான், டார்ச் எரிந்துகொண்டிருந்தது. நெஞ்சுவலி என்றார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த பையன்.

அன்றிலிருந்து உம்மாவுக்கு ஒரே கேள்விதான். சாகும்போது அவன் கலிமா சொன்னானா? இறைவன் ஒருவனே என்று சாட்சி சொல்கிற அந்த ஒற்றை வாக்கியம் கடைசி மூச்சில் நாக்கில் இருந்துவிட்டால் போதும், மற்றதை இறைவன் பார்த்துக்கொள்வான் என்பது அவளுக்குத் தெரிந்த நம்பிக்கை. பக்கத்தில் ஆள் இருந்தால் சொல்லிக் கொடுப்பார்கள், உதடு அசைகிறதா என்று பார்ப்பார்கள். சின்னவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லாமல் போயிற்று. உம்மா கட்டடத்தின் காவலாளியைக் கேட்டாள். ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்டாள், அவர் பாவம், கேள்வியே புரியாமல் விழித்தார். உடலைக் குளிப்பாட்டியவர்களைக் கூப்பிட்டு, “ஆள்காட்டி விரல் நீட்டியிருந்துச்சா?” என்று கேட்டாள். சாட்சி சொல்லும்போது அந்த விரலைத்தானே நீட்டுவார்கள். “முகம் நல்லாத் தெளிவா இருந்துச்சும்மா” என்று அவர்கள் சொன்னார்கள். அவள் கேட்டது முகத்தைப் பற்றி இல்லை.

சாப்பிடும்போது சாப்பாடு கையிலேயே காய்ந்துபோகும். “சொல்லிருப்பான்ல?” என்பாள்.

“சொல்லிருப்பான் உம்மா” என்பாள் டீச்சர். அவளுக்கும் தெரியாது.

*

விடுமுறை நாட்களில் டீச்சர் கூடத்து மேசையில்தான் எழுதுவாள். வாசல் கதவைக் காற்றுக்காகத் திறந்து வைத்து, திரைச்சீலையை மட்டும் இழுத்து விட்டிருப்பார்கள். அன்றைக்கு மாலை அஸர் தொழுகைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது, வெயில் திரைச்சீலையில் மஞ்சளாக விழுந்திருந்தது. கமா சார் கொத்திப் போட்ட இயலைத் திருத்திக்கொண்டிருந்தாள். எரிச்சலில் தலை நிமிரவில்லை.

வாசலில் யாரோ ஸலாம் சொன்னார்கள்.

ஸலாம் சொன்னால் பதில் சொல்வது கடமை. சின்ன வயதிலிருந்து பழகிய நாக்கு, மூளையைக் கேட்டுக்கொண்டா பதில் சொல்லும்? “வஅலைக்கும் ஸலாம், உள்ள வாங்க” என்று வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. ஒரு வரியை அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

திரைச்சீலை விலகியது. யாரோ கடந்து போகிற காற்று அவள் தாள்களைத் தூக்கியது. பிறகு கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவில் இருக்கிற ஒடுக்கமான வழியில் சுவிட்ச் சத்தம் கேட்டது. போட்டு அணைத்து, மறுபடி போட்டு அணைத்து.

சின்னவன்தான் அப்படிச் செய்வான். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான், தொழில் புத்தி. “வீட்டு பில்லு ஒங்க வாப்பாவா கட்டறாரு?” என்று உம்மா திட்டுவாள், அப்போது உயிரோடிருந்த வாப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், எல்லோரும் சிரிப்பார்கள்.

டீச்சரின் பேனா நின்றது. அந்த ஸலாம் யாருடைய குரலில் வந்தது என்பது அப்போதுதான் காதில் ஏறியது.

சமையலறை வாசலில் உம்மா நின்றிருந்தாள். கையில் கரண்டி. முகத்தில் ரத்தமே இல்லை.

“என்ன காரியம் பண்ணிட்ட நீ” என்றாள்.

“உம்மா, இப்ப யாரோ...”

“எனக்குத் தெரியும். ரொம்ப நாளா வருது, நீ காலேஜ்ல இருக்கறப்பல்லாம். இதே நேரத்துக்கு வாசல்ல நின்னு மூணு தடவ ஸலாம் சொல்லும். பதில் இல்லன்னா திரும்பிப் போயிடும். நான் ஒரு நாளும் வாயத் தொறந்ததில்ல. நீதான் உள்ள கூப்பிட்டுட்ட.”

அடுத்தவர் வீட்டுக்குப் போனால் மூன்று தடவை ஸலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் மனம் கோணாமல் திரும்பிவிட வேண்டும் என்பது ஒழுங்கு. மனிதர்களே மறந்துபோன அந்த மரியாதையைக் கடைப்பிடித்துக்கொண்டு ஒன்று தினமும் வந்து போயிருக்கிறது. உம்மா கரண்டியும் கையுமாக அடுப்படியில் நின்று, பெற்ற பிள்ளையின் குரல் மூன்று முறை கூப்பிடுவதைக் கேட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

“ஏன் உம்மா எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீ ஓதி வெரட்டிருவ.” உம்மா பின்னறைப் பக்கம் பார்த்தாள். “அது அவன் இல்லன்னு எனக்குத் தெரியும். எனக்கென்ன புத்தி பேதலிச்சா போச்சு? ஆனா குரல் அவனோடதுதானே. அத மட்டும் தினம் கேட்டுக்கிட்டேன்.”

தாயும் மகளும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். பின்னறையில் கட்டில் கிரீச்சிட்டது, களைத்து வந்தவன் உட்காருகிற மாதிரி.

*

அதன் பிறகு அது வாசலில் நிற்கவில்லை. நிற்க வேண்டிய அவசியம் என்ன, வீட்டுக்காரியே வரச் சொல்லிவிட்டாளே. பகல் முழுதும் பின்னறை சும்மா கிடக்கும். அஸர் நெருங்கினால் சுவிட்ச் தட்டும் சத்தம், செருமல், கட்டிலின் கிரீச். எட்டிப் பார்த்தால் சுவரும் ஜன்னலும் வெயிலும்தான். கட்டில் விரிப்பில் மட்டும் ஒரு பள்ளம் இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல நிமிரும்.

பிறகு பேச ஆரம்பித்தது.

“அக்கா, டீ இருக்கா?”

அதே சோம்பல், அதே இழுவை. டீச்சர் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். பால் பொங்கி வழிந்தபோதுதான் யாருக்கு டீ போடுகிறோம் என்று உறைத்து, அணைத்தாள். இத்தனை வருஷம் மேடை மேடையாகப் பேசியவள்! திகில் கதையின் நாயகி ஏன் ஓடாமல் நின்று பார்க்கிறாள் என்று மாணவிகள் கேட்டால், ‘முட்டாள், அதனால்தான்’ என்று சிரித்தவள்! நாயகிகளிடம் அவள் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

ஓதாமல் இல்லை. ஓதினாள், அறைக்கு அறை ஓதினாள். ஓதுகிற நேரத்துக்கு அது அடங்கும், மறுநாள் அஸருக்கு மறுபடி சுவிட்ச் தட்டும். ஏன் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. வாய் ஓதிக்கொண்டிருக்கும்போதே ஒரு காது பின்னறையில் கிடந்தது. போய்விடப் போகிறதே என்று உள்ளுக்குள் பதைத்துக்கொண்டு ‘போ’ என்று சொன்னால் எது போகும்? கைக்குழந்தையிலிருந்து இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை, பிள்ளைக்குப் பிள்ளையாகவும் அவன்தான் இருந்தான்.

கணவருக்கு விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார்.

“வயரிங் பழசு. சுவிட்ச் தானா தட்டும்.”

“குரல்?”

“மாடில எவனாவது போன் பேசுவான். ஒனக்கு அந்தப் புத்தகத்தையெல்லாம் படிச்சுப் படிச்சு...” மனைவியின் முகத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

ஒருநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அந்த ஒடுக்கமான வழியில் ஸ்டூல் போட்டு ஏறி சுவிட்ச் பெட்டியைக் கழற்றினார். உம்மா அப்போது மருந்து வாங்கப் போயிருந்தாள். டீச்சர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தார், எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

“நான் சொல்லல? ஒண்ணுமே...”

“மச்சான்” என்றது பின்னறை. “அங்க இல்ல. மீட்டர் பக்கத்துல நியூட்ரல் லூஸா இருக்கு பாருங்க. சீக்கிரம் பாருங்க, தீப்பிடிச்சிரும்.”

மெக்கானிக் ஸ்டூலை விட்டு இறங்கினார். முகம் சாம்பல் பூத்துவிட்டது. வாசலுக்குப் போய் மீட்டர் பெட்டியைத் திறந்தார். கறுத்துக் கருகிய ஒரு வயர் முனை, திருகில் பிடிப்பில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. மெயினை அணைத்து, வயரைச் சீவி முறுக்கிவிட்டு வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நம்ம உயிரக் காப்பாத்திருக்கு” என்றார் கடைசியில்.

“அப்படி நெனைக்கணும்னுதான் செய்யுது.”

அவள் ஆய்வில் அவளுக்கே ரொம்பப் பிடித்த இயல் அதுதான். சுத்தப் பொய்யனை யாரும் நம்புவதில்லை. அதனால் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொய்யன் நிறைய உண்மை பேசுவான், பெரிய பொய்க்கு இடம் பண்ணுவதற்காக. சில சமயம் பொய்யே சேர்க்காமலும் உண்மை பேசுவான், நமக்கு வலிக்கும் என்று தெரிந்தால். பழைய மார்க்க நூல்களிலிருந்து ஒவ்வொன்றாகச் சான்று எடுத்துக் கோத்திருந்தாள். கமா சாரே ஒரு கால்புள்ளியைக் கூடத் தொடாமல் விட்ட இயல்.

“மாமிகிட்ட இதைச் சொல்ல வேணாம்” என்றார் கணவர்.

“சொல்லவே கூடாது” என்றாள் அவள்.

ஆனால் அதற்கு அடுத்த நாள் அது வேறு ஒன்றைச் சொன்னது. டீச்சர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பின்னறையிலிருந்து குரல் வந்தது, தாழ்ந்து, கொஞ்சம் மனத்தாங்கலோடு.

“அன்னிக்கு மேல என்ன நடந்துச்சுன்னு நீ கேக்கவே இல்லையே அக்கா. யாரும் இல்லன்னு எல்லாரும் சொல்றீங்க. நான் இருந்தேன். கடைசி வரைக்கும் அவன் பக்கத்துலதான் இருந்தேன்.”

முதல் தடவையாக அது ‘அவன்’ என்றது. அதுவரைக்கும் போர்த்தியிருந்த தம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, தன் சொந்த நாக்கில் பேசியிருக்கிறது. குரல் மட்டும் சின்னவனுடையதாகவே இருந்தது. கையிலிருந்த சட்டையை அவள் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். கேள்வி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினாள்.

திரும்பினால் உம்மா பின்னால் நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

*

மறுநாள் மதியம் லுஹர் தொழுத இடத்திலேயே உம்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு தொழுகை விரிப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பின்னறை வாசலில் போட்டு, அங்கே உட்கார்ந்தாள். டீச்சருக்குப் புரிந்துவிட்டது. ஓடிப் போய் எதிரில் மண்டியிட்டாள்.

“வேண்டாம் உம்மா.”

“ஒரே ஒரு கேள்விதானே.”

“அதுகிட்டக் கேட்டு என்ன ஆகப் போகுது? சொன்னான்னு சொல்லுச்சுன்னா நம்ப முடியுமா? இல்லன்னு சொல்லிருச்சுன்னா மறக்க முடியுமா? எந்தப் பக்கம் சொன்னாலும் நமக்குத்தான் நஷ்டம்.”

“நீ நல்லாத்தான் பேசுவ. பேசித்தானே சம்பளம் வாங்கற.” உம்மா மகளின் கையை விலக்கினாள். “ஒன் வயித்துல ஒண்ணு பொறந்து, அது தனியாக் கெடந்து செத்திருந்தா நீ இப்படிப் பேச மாட்ட.”

சுருக்கென்று தைத்தது. உம்மா வேண்டுமென்று சொல்லவில்லை, சொன்ன பிறகு அவள் முகமே சுருங்கிப்போயிற்று. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. டீச்சரும் அசையவில்லை. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டுகொண்டே வந்து விரிப்பைத் தொட்டது.

சுவிட்ச் தட்டியது. கட்டில் கிரீச்சிட்டது.

“உம்மா” என்றது.

உம்மா கண்ணை மூடிக்கொண்டாள். குரல் நடுங்காமல்தான் பேசினாள். “அப்படிக் கூப்பிடாத. நீ என் புள்ள இல்ல. ஆனா நீ அவன்கூட இருந்தவன், அது உண்மைன்னா எனக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போ. என் புள்ள கடைசில கலிமா சொன்னானா?”

பின்னறையில் ஒரு பெருமூச்சு. மனிதர்கள் விடுகிற மாதிரியேதான். சொல்லப் போகிறவன் தொண்டையைச் சரிசெய்கிற சின்னச் செருமல் அதற்குப் பிறகு.

டீச்சர் எழுந்தாள். என்ன ஓதுவது, எதைச் சொல்லித் தடுப்பது என்று யோசிக்க நேரமில்லை. தொழுகைக்கு அழைக்கிற பாங்குச் சத்தம் கேட்டால் ஷைத்தான் தலைதெறிக்க ஓடுவான் என்பது குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். பெண்கள் உரக்கப் பாங்கு சொல்வதில்லை, அவளும் வாழ்நாளில் சொன்னதில்லை. இப்போது சொன்னாள். பாங்கு சொல்கிறவர் எப்படி நிற்பாரோ அப்படியே நின்று, இரண்டு காதிலும் விரல்களை வைத்துக்கொண்டு, தொண்டை கிழியச் சொன்னாள். ராகம் உடைந்தது, மூச்சு முட்டியது, கண்ணீர் வாய்க்குள் போயிற்று. அவள் நிறுத்தவில்லை. இந்தத் தடவை அவளுக்கு எந்த ஆசையும் மிச்சமில்லை. ‘போ, போய்த் தொலை, என் உம்மாவை விடு’ என்று நெஞ்சு முழுக்க ஒரே சொல்தான்.

அவள் காதில் விழுந்ததெல்லாம் அவள் குரல் மட்டும்தான். விரல்கள் மற்றதையெல்லாம் அடைத்திருந்தன.

கட்டில் விரிப்பின் பள்ளம் சட்டென்று நிமிர்ந்ததைப் பார்த்தாள். ஒரு காற்று அவளை உரசிக்கொண்டு, ஒடுக்கமான வழியைக் கடந்து, வாசல் திரைச்சீலையைத் தூக்கியடித்துவிட்டு வெளியேறியது. சுவிட்ச் தட்டவில்லை. பாங்கை முடித்துவிட்டுத்தான் விரல்களை எடுத்தாள். தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். வீடு வெறும் வீடாக இருந்தது. அந்த அறையில் இனி யாரும் இல்லை என்பது உறுதியாகத் தெரிந்தது. தம்பி செத்துப்போனான் என்பதும் அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

உம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் கிடந்தன.

“உம்மா, அது ஏதாவது சொல்லுச்சா?”

உம்மா தொழுகை விரிப்பின் ஓரத்துக் குஞ்சத்தை நீவி நீவி நேராக்கினாள். நேரான பிறகும் நீவினாள். பிறகு நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். பிள்ளையைப் புதைத்த அன்றைக்குக்கூட டீச்சர் அந்த முகத்தில் அப்படி ஒரு பயத்தைப் பார்த்ததில்லை.

“அதுங்க பொய் சொல்லும்தானே?” என்றாள் உம்மா.

“ஆமா உம்மா. பொய் சொல்லும்.”

“எப்பவுமேவா? ஒரு தடவகூட நெசம் சொல்லாதா? நீ படிச்சவ. இதத்தானே இத்தன வருஷமாப் படிக்கற. யோசிச்சுச் சொல்லு.”

டீச்சர் யோசிக்கவில்லை.

“எப்பவுமே பொய்தான் உம்மா. ஒரு வார்த்த நெசம் சொல்லாது.”

“அப்படின்னு எழுதிருக்கா? ஒன் ஆராய்ச்சில?”

“எழுதிருக்கேன்.”

“எங்க, எடுத்துட்டு வந்து படி.”

டீச்சர் கூடத்துக்குப் போனாள். மேசையில் கட்டாக இருந்த தாள்களிலிருந்து, கமா சார் கை வைக்காமல் விட்ட அந்த இயலை உருவி எடுத்தாள். அதைக் கொண்டுவந்து உம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். தாளில் இருந்தது வேறு, அவள் படித்தது வேறு. “இறந்தவர்களின் குரலில் பேசுகிற இவை எக்காலத்திலும் உண்மை பேசுவதில்லை. இவை சொல்லும் ஒரு சொல்லையும் நம்பலாகாது. இதில் அறிஞர்களிடையே இரண்டாவது கருத்து கிடையாது.” எழுத்துத் தமிழில், தடங்கலில்லாமல், வகுப்பில் படிக்கிற குரலில் படித்தாள்.

உம்மா ஒரு கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டாள். போகப் போக அந்தக் கை கொஞ்சம் தளர்ந்தது.

“இன்னொரு தடவ படி” என்றாள்.

டீச்சர் மறுபடி முதலிலிருந்து படித்தாள்.